பன்னிரண்டாம் மாதத்தில் எண்ணுங்கள்

பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தை ஆராய்ந்த இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை 2025 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. பயிற்சி பெற்றதாகப் பதிவான சுமார் 96 லட்சம் பேரில் 90 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் வங்கிக் கணக்கு விவரம் இருக்க வேண்டிய இடம் காலியாகவோ வெறும் சுழியங்களாகவோ கிடந்தது என்கிறது அந்த அறிக்கை. சான்றிதழ் கொடுத்தாகிவிட்டது. வாங்கியவர் யார், இன்று என்ன வேலை செய்கிறார் என்று கேட்டால் காட்டுவதற்கு ஏடு இல்லை. இந்தக் குறை எல்லா ஊர்களையும் பாதிக்கிறது. ஆனால் ஜவ்வாது மலை போன்ற இடங்களைத்தான் மிக ஆழமாகப் பாதிக்கிறது. ஏனென்றால், அங்கே பயிற்சியை நம்பி வருகிற பிள்ளைக்கு இரண்டாவது வாய்ப்பு எளிதில் கிடைப்பதில்லை.

கணினி, மின்னணுப் பொருள் உற்பத்தி, கைப்பேசி பழுதுநீக்கல், சூரிய மின்சாரம், இணைய இணைப்பு என்று தொழில்நுட்ப வேலைகளுக்கான பயிற்சிகள் இன்று ஏராளம். மத்திய அரசு, மாநில அரசு, அரசு நிறுவனமான தாட்கோ, தனியார் நிறுவனங்கள் என எல்லோரும் நடத்துகிறார்கள். பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. மலையில் இருந்து இறங்கி வருகிற ஒருவர் அந்த வேலையில் ஓராண்டு நிலைத்து நிற்பதற்கு என்ன தேவை என்று யாரும் கணக்குப் போடவில்லை என்பதே என் கவலை.

மூன்று மாவட்டங்களின் ஓரம்

கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த ஜவ்வாது மலை திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் என்று மூன்று மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடும் நெல்லிவாசல்நாடும் புங்கம்பட்டுநாடும் திருப்பத்தூர் மாவட்டம். பீஞ்சமந்தையும் ஜார்தான்கொல்லையும் வேலூர் மாவட்டம். 2019இல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது மலைக்குள் இன்னொரு எல்லைக்கோடு விழுந்தது.

வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் விளைவிக்கிறார்கள். புளி, தேன், கடுக்காய் சேகரிக்கிறார்கள். ஒரே உறவுமுறை, ஒரே பேச்சு, ஒரே சந்தை. ஆனால், நிர்வாகம் மூன்று. மூன்று மாவட்டத் தலைநகரங்களுக்கும் இந்த மலை தொலைவில் இருக்கும் ஒரு மூலை. திறன் பயிற்சி அலுவலகமும், வேலைவாய்ப்பு முகாமும், கலந்தாய்வும் நடப்பது சமவெளியில். மேலே இருப்பவர்களுக்கு அந்த அறிவிப்பு வந்து சேர்வதற்குள் விண்ணப்பத் தேதி முடிந்திருக்கும்.

சாலை நிலையைச் சொல்ல ஒரு நிகழ்வு போதும். 2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலைக் கிராமத்தில் பாம்பு கடித்து ஒன்றரை வயதுக் குழந்தை இறந்தது. பாதை சரியில்லாததால் வண்டி பாதியில் நிற்க, தாய் அந்த உடலைச் சுமந்துகொண்டு மலையேறினார். தமிழ்நாடே பதறியது. அத்தகைய கிராமத்தில் இருக்கும் இளைஞரிடம் 'இணையத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள், கைப்பேசிக்கு எண் வரும்' என்று சொல்கிறது நம் பயிற்சித் திட்டம். சிக்னல் தேடி மேட்டுக்கு ஏறி, அந்த எண்ணோடு கீழே வருவதற்குள் அது காலாவதியாகியிருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80 சதவீதம். பழங்குடியினரிடையே 54 சதவீதம். இந்த இடைவெளியைத் தாண்டிப் பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த மலைப்பிள்ளை, சமவெளிப் பிள்ளையைவிட அதிகம் உழைத்துத்தான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. அந்த உழைப்பை வீணடிக்கும் உரிமை எந்தத் திட்டத்துக்கும் இல்லை.

வேலை இல்லாவிட்டால் என்ன நடக்கும்?

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டச் சென்றதாகக் கூறி 20 பேரைக் காவல் துறை சுட்டுக் கொன்றது. அவர்களில் பலர் ஜவ்வாது மலையையும் அதன் அடிவார ஊர்களையும், தருமபுரியின் சித்தேரி மலைப் பகுதியையும் சேர்ந்தவர்கள். இடைத்தரகர்கள் ஒரு வாரக் கூலியாகச் சொன்ன தொகை, ஊரில் பல மாதம் உழைத்தாலும் கிடைக்காதது. அந்தத் தரகர் வீட்டு வாசலுக்கே வந்தார், முன்பணம் கொடுத்தார், வண்டி ஏற்பாடு செய்தார். இதைக் கசப்போடுதான் எழுதுகிறேன்: மலை இளைஞரைத் தேடி அவ்வளவு முனைப்போடு அரசின் எந்தப் பயிற்சித் திட்டமும் போனதில்லை.

செம்மரத்துக்குப் போகாதவர்கள் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும், கேரளக் கட்டட வேலைக்கும், கர்நாடகக் காபித் தோட்டங்களுக்கும் போகிறார்கள். திறன் பயிற்சி இவர்களுக்குக் கூடுதல் அலங்காரமல்ல. குடும்பம் ஒன்றாக இருக்குமா, பிள்ளைகள் பள்ளியில் தொடர்வார்களா என்பதெல்லாம் அதைப் பொறுத்திருக்கிறது.

பணம் எதற்குக் கொடுக்கப்படுகிறது?

இங்கே வாசகர்கள் ஒரு கணக்கைப் புரிந்துகொள்ள வேண்டும். குறுகிய காலப் பயிற்சிகளில் பயிற்சி மையத்துக்கு அரசு தரும் கட்டணம் தலைக்கு, மணிக்கு இவ்வளவு என்று நிர்ணயிக்கப்படுகிறது. கொஞ்சம் முன்பணமாக, பெரும்பகுதி சான்றிதழ் கொடுத்ததும், மீதி வேலையில் சேர்த்ததும் என்று தவணைகள் பிரிந்திருந்தன. பிரதமர் திட்டத்தின் நான்காம் கட்டத்தில் அந்தக் கடைசி இணைப்பும் தளர்த்தப்பட்டுவிட்டது. 2015-16 முதல் 2021-22 வரையிலான மூன்று கட்டங்களில்தான் குறுகிய காலப் பயிற்சி பெற்றவர்கள் வேலைக்குப் போனார்களா என்று பார்க்கப்பட்டது.

இப்போது ஒரு பயிற்சி மைய உரிமையாளரின் இடத்தில் இருந்து யோசிப்போம். திருப்பத்தூர் நகரத்தில் பேருந்து நிலையத்தின் அருகே இருக்கும் பட்டதாரிப் பெண்ணுக்கும், புதூர்நாட்டில் பத்தாவது முடித்துவிட்டு இரண்டு வருடம் ஆடு மேய்த்த பெண்ணுக்கும் கட்டணம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலாமவர் காலையில் தானே வந்துவிடுவார். இரண்டாமவருக்கு விடுதி வேண்டும், அடிப்படைக் கணக்கு திரும்பச் சொல்லித்தர வேண்டும், வீட்டில் பேசிச் சம்மதம் வாங்க வேண்டும், சாதிச் சான்றிதழும் வங்கிக் கணக்கும் சரிபார்க்க வேண்டும். செலவு இரட்டிப்பு, வரவு அதே. எந்த உரிமையாளரும் முதலாமவரைத்தான் சேர்ப்பார். அவரைக் குறைசொல்லிப் பயனில்லை. சமமான கட்டணம் வைத்தே சமமில்லாத விளைவை நாம் உண்டாக்கிக்கொண்டிருக்கிறோம்.

வடகிழக்கு உள்ளிட்ட மலை மாநிலங்களில் பயிற்சி நடத்தினால் 10 சதவீதம் கூடுதல் கட்டணம் தர மத்திய அரசின் விதிகளிலேயே இடம் உண்டு. மலை என்றால் செலவு கூடும் என்பதை ஒப்புக்கொண்ட விதி அது. அதே நியாயம் தமிழ்நாட்டுக்குள் இருக்கும் ஜவ்வாது மலைக்கும், கல்வராயன் மலைக்கும், கொல்லி மலைக்கும் பொருந்தும். அதுவும் 10 சதவீதம் என்பது உண்மையான செலவுக்கு மிகக் குறைவு.

பயிற்சிக் காலத்தில் வீட்டுக்கு வர வேண்டிய கூலி நின்றுபோவதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் ஒரு பிள்ளை விடுதியில் இருந்தால் அந்த வீட்டில் ஒரு உழைக்கும் கை குறைகிறது. சாமை அறுவடையின்போதோ, மாசி பங்குனியில் புளி உலுக்கும் காலத்திலோ பயிற்சி தொடங்கினால் பாதிப் பேர் நடுவில் ஊருக்குத் திரும்புவார்கள். மையத்தின் வருகைப் பதிவேட்டில் அவர்கள் 'ஆர்வமின்றி இடைநின்றவர்கள்' ஆகிவிடுகிறார்கள்.

இதற்கு மாறான முறையும் உண்டு. தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் 2011இல் அலுவலகம் தொடங்கிய ஜோஹோ நிறுவனம், 2005 முதலே ஒரு பயிற்சிப் பள்ளியை நடத்திவருகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களை எடுத்து, இரண்டு ஆண்டு சொல்லிக்கொடுத்து, மாதம் 10,000 ரூபாய் உதவித்தொகையும் தந்து, பிறகு தங்கள் நிறுவனத்திலேயே வேலைக்கு அமர்த்துகிறார்கள். எல்லோரும் ஜோஹோ ஆக முடியாது. ஆனால், அதன் அடிப்படை எளியது: போதிய காலம், படிக்கும்போதே பணம், முடிவில் உறுதியான வேலை. ஆறு வார டேட்டா என்ட்ரி வகுப்பில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. செயற்கை நுண்ணறிவு முதலில் கைவைப்பதே அந்த வேலையில்தான் எனும்போது, மலைப்பிள்ளைகளை இன்னமும் அதற்குத் தயார்செய்வது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

ஓசூர் எவ்வளவு தூரம்?

2022 நவம்பரில் மத்திய அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், ஓசூர் அருகே அமையும் ஐபோன் ஆலையில் 60,000 பேர் வேலை செய்யப்போவதாகவும், முதல் 6,000 பேர் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிகளின் பழங்குடிப் பெண்கள் என்றும் அறிவித்தார். ஜார்க்கண்ட் பெண்களுக்கு அந்த வேலை கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால், ஜவ்வாது மலையடிவாரத் திருப்பத்தூரில் இருந்து கிருஷ்ணகிரி வழியே சில மணி நேரத்தில் எட்டிவிடும் ஓசூருக்கு, நம் மலைப்பெண்களை அதே முனைப்போடு தயார்செய்து அனுப்ப ஏன் இயலவில்லை? ரயிலில் இரண்டு நாள் பயணம் செய்து வருபவர்களுக்கு ஆள்சேர்ப்பு, பயிற்சி, விடுதி எல்லாம் ஒரே சங்கிலியாக அமைக்க முடிந்திருக்கிறது.

ஆலை வேலை என்றதும் தலையாட்டிவிடவும் கூடாது. 2021 டிசம்பரில் பாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவால் பலர் நோயுற்று, ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் அமர்ந்தது நினைவிருக்கும். மகளைக் கீழே அனுப்பும் தாய் கேட்பது சம்பளத்தை மட்டுமல்ல. எங்கே தங்குவாள், யாரோடு தங்குவாள், காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள், பொங்கலுக்கு விடுப்பு உண்டா என்று கேட்கிறாள். இவற்றுக்கு எழுத்தில் பதில் இல்லாத வேலையை வேலை என்று கணக்கில் எழுதக் கூடாது.

பிஹாரிலும் ஜார்க்கண்டிலும் தீனதயாள் உபாத்யாய கிராமப்புறத் திறன் திட்ட மையங்களில் பொருளியல் ஆய்வாளர்கள் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். சில வகுப்புகளில், கிடைக்கப்போகும் சம்பளம், பிடித்தம், வாடகை, ஊர், வேலையின் கடினம் எல்லாவற்றையும் பயிற்சிக் காலத்திலேயே திறந்து சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்களே பல மாதம் கழித்தும் வேலையில் அதிகம் நிலைத்திருந்தார்கள். இதற்கு ஆன செலவு மிகச் சொற்பம். 'மாதம் பதினெட்டாயிரம்' என்று ஆசைகாட்டிக் கூட்டிப்போய், விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் பிடித்தது போகக் கையில் பாதியைக் கொடுத்தால் பிள்ளை பஸ் ஏறி ஊருக்கு வந்துவிடும். ஏமாந்த அந்த ஒருவரின் கதை ஊர் முழுக்கப் பரவும். அடுத்த வகுப்புக்கு அந்த ஊரில் இருந்து ஆள் வராது.

தமிழில் தேர்வு

2024 பிப்ரவரியில் ஜவ்வாது மலையின் புலியூரைச் சேர்ந்த 23 வயது ஸ்ரீபதி, உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். பிள்ளை பெற்ற சில நாள்களிலேயே சென்னை சென்று தேர்வு எழுதியவர் அவர். அவருடைய மன உறுதியைப் பாராட்டிய நாம், அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீதம் ஒதுக்கும் 2010ஆம் ஆண்டுச் சட்டம் அத்தகையோருக்கு என்ன கதவைத் திறந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

தொழில்நுட்பப் பயிற்சியில் அப்படி ஒரு கதவு இல்லை. கையால் சரியாகச் செய்யத் தெரிந்தவர், ஆங்கிலத்தில் கேட்கப்படும் கணினிவழிக் கேள்வி புரியாமல் தோற்கிறார். ஐடிஐ பாடங்களுக்குத் தமிழ் நூல்களை வெளியிடும் தேசிய நிறுவனம் சென்னை கிண்டியிலேயே இருக்கிறது. தமிழ்ப் பாடம், தமிழ்த் தேர்வு, கூடவே வேலையிடத்துக்குத் தேவையான ஆங்கிலம் என்று அமைப்பது பெரிய காரியமில்லை. ராஜஸ்தானின் திலோனியாவில் எழுத்தறியாத கிராமப் பெண்களுக்கே நிறங்களையும் வடிவங்களையும் வைத்துச் சூரிய மின்விளக்குச் சுற்றுகளைப் பொருத்தக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். பத்தாவது படித்த நம் பிள்ளைக்குச் சொல்லித்தர இயலாத தொழில் எது?

மலையிலேயே இருக்கும் வேலை

எல்லோரையும் கீழே இறக்குவதே பயிற்சியின் நோக்கமாகிவிடக் கூடாது. பாரத்நெட் திட்டத்தில் தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடியிழைக் கம்பி கொண்டுபோகத் திட்டமிடப்பட்டது. மரம் விழுந்து மலையில் கம்பி அறுந்தால் யார் வந்து ஒட்டுவது? கீழிருந்து ஒப்பந்ததாரரின் ஆள் வர வேண்டும். வரும்வரை இ-சேவை மையமும் பள்ளியும் ரேஷன் கடையும் இணைப்பின்றி இருக்கும். மானியத்தில் வைத்த சூரிய சக்திப் பம்புசெட்டு பழுதானாலும் இதே கதை. இந்த வேலைகளுக்கு உள்ளூரில் ஆள் தேவை, கருவி தேவை, ஒப்பந்தம் தேவை. பயிற்சி தருபவர்கள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறார்கள். ஒப்பந்தம் கையில் இல்லாத திறன் சோறு போடாது.

மலையின் இன்னொரு பெரும் சொத்து காவலூர் வானியல் ஆய்வகம். கொடைக்கானல் பட்டறையில் செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு 1968இல் இங்கே பணி தொடங்கியது. 1977இல் யுரேனஸ் கோளின் வளையங்களைக் கண்டறிந்ததில் காவலூருக்குப் பங்கு உண்டு. 1986இல் இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நிறுவப்பட்டு, வானியலாளர் வைனு பாப்புவின் பெயர் சூட்டப்பட்டது. இயந்திரம், மின்னணு, குளிர்சாதனம், கணினி எல்லாம் ஒரே வளாகத்தில் இயங்கும் இடம் அது. ஆண்டுதோறும் மலையைச் சேர்ந்த ஐடிஐ மாணவர்கள் சிலரை இந்திய வானியற்பியல் நிறுவனம் அங்கே தொழில் பழகுநராக எடுத்துக்கொண்டால், அதைவிட நல்ல வகுப்பறை எந்த நகரத்திலும் கிடைக்காது.

கிராமத்துக்கே கணினி வேலை கொண்டுவரும் முயற்சியும் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 2010இல் ஊரக பிபிஓ மையங்களுக்கு அரசு தனிக் கொள்கையே வகுத்து மானியம் தந்தது. திருவாரூர் மாவட்டம் கொல்லுமாங்குடி போன்ற ஊர்களில் ஐஐடி சென்னையின் துணையோடு வளர்ந்த தேசிகுரூ போன்ற நிறுவனங்கள், கிராமத்துப் பெண்களால் இந்த வேலையைத் திறம்படச் செய்ய முடியும் என்று காட்டின. கற்க வேண்டிய பாடம், மானியத்தைவிட வேலை ஆர்டர் முக்கியம் என்பது. அரசுத் துறைகளின் ஆவண மின்மயமாக்கல், தமிழ்ப் பேச்சுத் தரவு சேகரிப்பு போன்ற பணிகளில் ஒரு பங்கை மலை மையங்களுக்கென்று ஒதுக்கினால்தான் அவை பிழைக்கும்.

செய்ய வேண்டியவை

முதலில் பணம் கொடுக்கும் முறையை மாற்ற வேண்டும். பயிற்சிக் கட்டணத்தில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை, பயிற்சி பெற்றவர் பன்னிரண்டாம் மாதத்திலும் வேலையில் இருக்கிறார், அல்லது சொந்தத் தொழில் செய்கிறார் என்று உறுதியான பிறகே தர வேண்டும். வருங்கால வைப்புநிதிப் பதிவும் வங்கியில் ஏறும் சம்பளமும் அதற்குச் சான்று. கூடவே மலைப்பகுதியில் இருந்து பயிற்சி பெறுபவருக்கான கட்டணத்தை ஒன்றரை மடங்காக உயர்த்த வேண்டும். முதலாவதை மட்டும் செய்து இரண்டாவதை விட்டால், மையங்கள் மலைப்பிள்ளைகளைச் சேர்ப்பதையே நிறுத்திவிடும். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும்.

மூன்று மாவட்டங்களுக்கும் பொதுவாக ஜமுனாமரத்தூரில் ஒரு மலைத் திறன் மையம் வேண்டும். பழங்குடியினர் மேம்பாட்டுக்காக நான்கு ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் செலவிடும் தொல்குடித் திட்டத்தை 2024-25 நிதிநிலை அறிக்கையில் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அதில் இருந்தே இதற்கு நிதி தரலாம். அங்கிருக்கும் ஐடிஐயின் கருவிகளையும் ஆசிரியர்களையும் மாலை நேரத்தில் பயன்படுத்தலாம்.

கல்லூரி, ஐடிஐ மாணவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. குறுகிய காலத் தங்கும் பயிற்சிக்கு வரும் மலை இளைஞருக்கு, அரசின் ஊரக வேலைத் திட்டக் கூலிக்குக் குறையாத தொகை நாள்தோறும் கிடைக்க வேண்டும். வகுப்புகளை அறுவடைக் காலத்தைத் தவிர்த்து வைக்க வேண்டும். கைக்குழந்தையோடு வரும் பெண்களுக்குத் தொட்டிலும் பார்த்துக்கொள்ள ஆளும் வேண்டும்.

வேலைக்கு அனுப்பும்போது ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஐந்தாறு பேராகச் சேர்த்து அனுப்ப வேண்டும். ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், ராணிப்பேட்டை ஆகிய இடங்களில் மலையைச் சேர்ந்த ஒரு துணையாளரைச் சம்பளத்தோடு அமர்த்த வேண்டும். முதல் சம்பளம் வரும்வரை கைச்செலவுக்குப் பணம், விடுதியை ஆண்டுக்கு இருமுறை பெற்றோர் குழு நேரில் பார்க்கும் ஏற்பாடு, இவை ஆலையோடு போடும் ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும்.

கண்ணாடியிழை, சூரிய பம்பு, தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தங்களை மலை ஊராட்சிகளில் உள்ளூர் இளைஞர் குழுக்களுக்கும் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் முன்னுரிமையோடு தர வேண்டும்.

கடைசியாக, கணக்கு மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். எந்த மையம் எத்தனை பேரைச் சேர்த்தது, எத்தனை பேர் முடித்தார்கள், பன்னிரண்டாம் மாதத்தில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், கையில் கிடைக்கும் சம்பளம் எவ்வளவு என்ற நான்கு எண்களை, பயிற்சி பெற்றவர்களின் பெயர் சொல்லாமல் ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுத வேண்டும். மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, ஜனவரி 26 கிராம சபைகளில் திறன் மேம்பாட்டு அலுவலர் நேரில் வந்து அதை வாசிக்க வேண்டும். திரும்பி வந்த பிள்ளைகள் அங்கே எழுந்து, ஏன் திரும்பினார்கள் என்று சொல்லட்டும். அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அடுத்த வகுப்புக்கு ஆள் சேர்ப்பதற்கு முன் மையம் அதற்குப் பதில் தர வேண்டும்.